டெல் யூனிட்டியில் முதல் ஃபைல் சிஸ்டம்: மவுஸைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதம்

டெல் யூனிட்டி என்பது அலுவலகக் கணினிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஃபைல்களை வைக்கிற பெரிய ஸ்டோரேஜ் பெட்டி; ஃபைல் சிஸ்டம் என்பது அதில் ஃபைல்களுக்கென்று ஒதுக்குகிற இடம். மொரிஷியஸில், எபேனில் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் "யூனிட்டியில் ஒரு ஃபைல் சிஸ்டம் போடு" என்று சொன்னால் போதும், நேராகப் போய்க் கூட்டல் குறியை அழுத்திவிடுவார்கள். அடுத்த நிமிடமே "அண்ணே, நாஸ் சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, இங்கே ஒன்றுமே இல்லையே" என்று குரல் வரும்.

வீட்டு லேப்டாப்பில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்கிற பழக்கத்தில் வருகிற தவறு இது. பெரிய ஸ்டோரேஜ் பெட்டியில் டிஸ்க்குகள் சேர்ந்து முதலில் ஒரு பூல், அதாவது பொது இடத்தொகுப்பு, ஆகும். ஃபைல் சிஸ்டம் தன் இடத்தை அந்தப் பூலிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் வெளியில் முகம் காட்டுவது, ஃபைல்களை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கிற நாஸ் சர்வர்தான். ஐபி முகவரி, பெயர், விண்டோஸா லினக்ஸா என்பதெல்லாம் அதனிடம் இருக்கும். ஃபைல் சிஸ்டம் போடுவது ஒரு ஜோடி டோல் பூரி தின்று முடிப்பதற்குள் ஆகிற வேலை. யோசிக்க வேண்டியது நாஸ் சர்வரைப் பற்றித்தான். ஒன்றில் போட்ட ஃபைல் சிஸ்டத்தை இன்னொரு நாஸ் சர்வருக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது.

அதனால் முதலில் காகிதம். நெட்வொர்க் பிரிவில் கேட்டு ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, விலான் எண், டிஎன்எஸ் முகவரி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஐபி வேறு யாருக்கும் தானாகப் போய்விடாதபடி ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பெயர். விண்டோஸ் உலகில் கணினிப் பெயருக்கு 15 எழுத்துதான் எல்லை. கடைசியாக, யார் பயன்படுத்தப் போகிறார்கள்? கணக்குப் பிரிவின் விண்டோஸ் கணினிகள் என்றால் விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி. லினக்ஸ் சர்வர்கள் என்றால் அவற்றின் பகிர்வு முறையான என்எஃப்எஸ். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். விண்டோஸ் பயனரையும் லினக்ஸ் பயனரையும் ஒருவருக்கொருவர் பொருத்துகிற வேலை தனித் தலைவலி.

பூல்

பிரவுசரில் யூனிட்டியின் நிர்வாகப் பக்கமான யூனிஸ்பியரைத் திறந்து, ஸ்டோரேஜ் பகுதியில் பூல்ஸ் போங்கள். ஏற்கெனவே பூல் இருந்தால் இதைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் டிஸ்க் வகையையும் ரெய்டு (டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய, மெதுவான டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 தான் என் தேர்வு. 6+2 என்றால் எட்டு டிஸ்க்கில் இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போகும். 4 டெராபைட் டிஸ்க்காக இருந்தால் கணக்குப்படி 24 டெராபைட் கிடைக்கும். கையில் வருவது அதைவிடக் குறைவு.

நாஸ் சர்வர்

ஸ்டோரேஜ், ஃபைல், நாஸ் சர்வர்ஸ். கூட்டல் குறி. பெயர், பூல், அப்புறம் எந்த ஸ்டோரேஜ் ப்ராசசர் என்று கேட்கும். பெட்டிக்குள் ஏ, பி என இரண்டு உண்டு. ஒன்று விழுந்தால் நாஸ் சர்வர் மற்றதற்குத் தாவிவிடும். எல்லாவற்றையும் ஏ மேலேயே ஏற்றாமல் பங்கிட்டு வையுங்கள். அடுத்த பக்கங்களில் காகிதத்தில் இருப்பதைப் பார்த்துத் தட்டினால் போதும்.

எஸ்எம்பி என்றால் அலுவலகத்தின் விண்டோஸ் பயனர், கணினிப் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் சேர்க்கும் படி ஒன்று வரும். இங்கேதான் நான் ஒரு மதியம் முழுவதையும் தொலைத்தேன். பாஸ்வேர்டு சரி, டிஎன்எஸ் சரி, ஆனால் அதன் டொமைனில் சேர மாட்டேன் என்று பெட்டி அடம்பிடித்தது. பெட்டியின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். மொரிஷியஸ் அதைவிட 4 மணி நேரம் முன்னே. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கையால் வைத்திருந்தேன். ஆக்டிவ் டைரக்டரியில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பெரோஸ் சாதாரணமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. கடிகாரத்தைத் தானாகச் சரியாக வைக்கும் என்டிபி சர்வர் முகவரியைக் கொடுத்தேன், மறுபடி முயன்றேன், சேர்ந்துவிட்டது. நேரத்தை என்டிபியிடம் விட்டுவிடுங்கள்.

ஃபைல் சிஸ்டம்

பக்கத்துத் தாவலில் ஃபைல் சிஸ்டம்ஸ். நாஸ் சர்வரைத் தேர்ந்தெடுத்து, பெயர் கொடுத்து, அளவைச் சொல்லுங்கள். தைப்பூச வாரத்தில் பழகிய ஒரு தம்பி தன்னுடையதற்குக் "காவடி" என்று பெயர் வைத்தான். பழகும்போது சரி, வேலைக்குப் போடும்போது எந்தப் பிரிவு, என்ன பயன் என்று பெயரிலேயே தெரியட்டும்.

தின் என்ற கட்டத்தில் டிக் இருக்கும்; அப்படியே விடுங்கள். 1 டெராபைட் என்று சொன்னாலும் எழுத எழுதத்தான் பூலிலிருந்து இடம் போகும். பிறகு பெரிதாக்கலாம், சிறிதாக்கவும் செய்யலாம். ஆனால் பூலில் இருப்பதைவிட அதிகமாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. பூல் நிறைந்தால் அதன் மேல் இருக்கிற எல்லாரும் சேர்ந்து தவிப்பார்கள்.

ஃபைல் லெவல் ரிடென்ஷன் என்று ஒரு தேர்வு வரும். குறிப்பிட்ட காலம்வரை ஃபைலை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டுவது. காரணம் தெரியாமல் தொடாதீர்கள்: உருவாக்கும்போது எதை வைத்தீர்களோ அதுதான் கடைசிவரை. கம்ப்ளையன்ஸ் வகையில் பூட்டிய ஃபைல் இருக்கும்வரை நிர்வாகிகூட அந்த ஃபைல் சிஸ்டத்தை நீக்க முடியாது.

அப்புறம் ஷேர், அதாவது பயனர்கள் நெட்வொர்க்கில் திறக்கும் ஃபோல்டர். எஸ்எம்பி ஷேருக்குப் பெயர் மட்டும் போதும். யாருக்கு எந்த அனுமதி என்பதைப் பிறகு விண்டோஸிலிருந்து வைத்துக்கொள்ளலாம். என்எஃப்எஸ் என்றால் எந்தச் சர்வருக்கு எழுத அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு, மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்று வையுங்கள்.

அதே விஸார்டில் ஸ்னாப்ஷாட் (ஃபைல் சிஸ்டத்தின் அந்த நேரத்து நிலையின் பதிவு) நேரத்தையும் கேட்கும். யூடிசி கதை இங்கேயும் உண்டு: நம் இரவு 11 மணி, பெட்டிக்கு மாலை 7. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது அதே பூலில்தான் கிடக்கிறது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அன்றைக்குத் தரைத்தளத்தில் ஒரு பெட்டி இருந்திருந்தால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே நனைந்திருக்கும். இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும்.

முடித்தாயிற்றா? ஒரு விண்டோஸ் கணினியில் இரண்டு பின்சாய்கோடு, நாஸ் சர்வர் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர் என்று தட்டித் திறங்கள். ஒரு ஃபைலை வைத்து, கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, ப்ரீவியஸ் வெர்ஷன்ஸில் அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு கணக்குப் பிரிவுக்குச் சாவியைக் கொடுங்கள்.