தீபாவளி முதல் கல்பாத்தித் தேர் வரை: தலைவலி வராமல் தடுப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஐப்பசி பிறந்தால் ஓய்வு கிடையாது. கோவை ஒப்பணக்கார வீதியில் துணி எடுத்து, எல்லையில் வாளையார் நெரிசலைத் தாண்டி வீடு வந்தால் பலகார வேலை காத்திருக்கும். தீபாவளி முடிந்த கையோடு சஷ்டி விரதம், நவம்பர் நடுவில் பாலக்காட்டுக் கல்பாத்திக் கோயிலின் தேர்த் திருவிழா. இந்த நாட்களில் இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. அதைப் பெருமளவு தடுக்கலாம்.

படி 1: எந்தத் தலைவலி?

தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல் இரண்டு பக்கமும் அழுத்தினால் பெரும்பாலும் டென்ஷன் தலைவலி. ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டி, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் போனால் மைக்ரேன். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து, முந்தின இரவு எப்போது படுத்தீர்கள், எந்த வேளை சாப்பாடு தவறியது என்பதையும் எழுதுங்கள்.

படி 2: தூக்கம்

மைக்ரேன் உள்ளவர்களுக்குத் திடீர் மாற்றம் ஆகாது. விடியுமுன் எண்ணெய்க் குளியல் என்றால், முந்தின இரவு அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பலகாரத்தை இரண்டு நாள் முன்பே முடியுங்கள். மறுநாள் பத்து மணி வரை தூங்குவதும் வேண்டாம். பரபரப்பு அடங்கிய பிறகு வருகிற மைக்ரேனும் உண்டு.

படி 3: விரதமும் காபியும்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பசி, உடம்பில் நீர் குறைவு, காபி நிற்பது மூன்றும் ஒரே நாளில் சேர்கின்றன. தினமும் காபி குடித்துப் பழகியவர் சட்டென்று விட்டால், பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சஷ்டிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு இருப்பதும் விரதம்தான்; மைக்ரேன் உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் வியர்ப்பதே தெரியாது, ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

படி 4: புகை, வெயில், சத்தம்

வெடிப் புகையும் காட்டமான ஊதுபத்தியும் சிலருக்கு உடனே தலைவலியைக் கிளப்பிவிடும். தேர் பார்க்கப் போனால் குடை, கூலிங்கிளாஸ், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள். செண்டைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

படி 5: வேலையைப் பிரியுங்கள்

துணி, பலகாரம், விருந்தாளி எல்லாம் ஒருத்தர் தலையில் விழுந்தால் மற்ற படிகளுக்குப் பாதிப் பலன்தான். வீட்டு ஆண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் வேலையைப் பெயர் போட்டு எழுதி, அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். அரைமணிக்கொரு தடவை அடுப்பைவிட்டு எழுந்து கழுத்தையும் தோளையும் தளர்த்துங்கள். முறுக்கைக் கடையில் வாங்கினாலும் பண்டிகை பண்டிகைதான்.

படி 6: மாத்திரையில் கவனம்

வெறும் பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கலாம். பல மருந்து கலந்த வலி மாத்திரைகளை மாதத்தில் 10 நாள் எடுத்தாலே அப்படி ஆகலாம். மாதம் நான்கு நாளோ கூடுதலோ மைக்ரேன் வந்தால் தடுப்பு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், காலண்டரையும் கொண்டுபோங்கள். இதுவரை இல்லாத கடும் வலி திடீரென்று வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பண்டிகை நாளென்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.