கொழும்பில் பல்லினக் கலைக்குழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் சமூகக் கலை, ஊடகத் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் தொடங்குகிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் என்று எல்லாரும் மேடையில் நிற்க வேண்டும், எல்லாருடைய கதையும் படமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். மேடையில் அது நடந்தும் விடுகிறது. திட்டம் சறுக்கும் இடம் மேடைக்குப் பின்னால் இருக்கிறது. முடிவெடுக்கும் நாலைந்து பேர் யார், அவர்கள் எந்த மொழியில் கூடிப் பேசுகிறார்கள், எழுதியதும் எடுத்ததும் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் ஆரம்பத்திலேயே கவனிக்காவிட்டால், பிறகு எவ்வளவு உழைத்தாலும் சரிவராது.

முதலில் மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் கலைத் திட்டங்களில் தமிழ் பல நேரம் கடைசி வாரத்து வேலையாகவே கிடக்கிறது. கதையை ஆங்கிலத்தில் யோசித்து, சிங்களத்தில் பிரதி எழுதி, படப்பிடிப்பும் எடிட்டிங்கும் முடித்த பிறகுதான் “தமிழ் சப்டைட்டில் போட யாராவது இருக்கிறார்களா, நாளைக்கே வேணும்” என்று வட்ஸ்அப்பில் செய்தி வரும். அந்த நேரத்தில் வந்து சேரும் மொழிபெயர்ப்பாளரால் பாவம், என்ன செய்ய முடியும்? மட்டக்குளியில் வளர்ந்த ஒரு பிள்ளை தன் அம்மாவோடு சண்டை போடும் வசனம், வானொலிச் செய்தி வாசிப்பது போல ஆகிவிடுகிறது. தமிழில் அந்தக் காட்சியை எழுதக்கூடியவர் முதல் கூட்டத்திலிருந்தே குழுவில் இருந்திருந்தால், வசனம் மட்டுமில்லை, காட்சியே வேறு மாதிரி வந்திருக்கும்.

கூட்டம் நடத்தும் முறையிலும் இதே பிழை உண்டு. எல்லாருக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவோம். ஆங்கிலம் சரளமாக வருகிறவரின் யோசனை வெல்லும். கூத்தும் பாட்டும் நன்றாகத் தெரிந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரவர் தங்கள் மொழியில் பேசட்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். கூட்டம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், உண்மைதான். அந்த நேரத்தையும், மொழிபெயர்த்துச் சொல்கிறவருக்கான கொடுப்பனவையும் நிதித் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ.பெரேராவும் தொடங்கிய ஜனகரளிய, தமிழில் மக்கள் களரி, என்ற நடமாடும் நாடகக் குழு இதற்கு நல்ல முன்மாதிரி. சிங்கள, தமிழ்க் கலைஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஊர் ஊராகப் போய், இரண்டு மொழிகளிலும் நாடகம் போட்டார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு நாள் பயிற்சிப் பட்டறையால் கொண்டுவர முடியாது.

போஸ்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இங்கேதான் தமிழ் வாசகருக்கு மனம் கசக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வடிவமைப்பாளர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் தமிழை நெருக்குவார். அப்புறம் எழுத்துரு. கைத்தொலைபேசியில் தட்டச்சு செய்து அனுப்புவது யூனிகோட். சில அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருதான். இரண்டும் ஒத்துப்போகாததால், ஒட்டியதும் எழுத்து கட்டங் கட்டமாக வரும். தமிழ் வாசிக்கத் தெரியாத ஊழியர், பாவம், எழுத்தின் உருவத்தைப் பார்த்தே திரும்ப அடிப்பார். ண, ன ஆகிவிடும். ற, ர ஆகிவிடும். யூனிகோட்டே போனாலும், வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். கொழும்பு என்ற ஊர்ப்பெயரே உடைந்துபோகும். அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎப்பை, தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்து “சரி” சொன்ன பிறகே அச்சடிக்க வேண்டும். முதலில் அனுப்பிய வேர்ட் கோப்பைச் சரிபார்த்தது போதாது.

அடுத்த தவறு, ஒருவரைக் கூட்டிவந்து “இவர் தமிழர் தரப்பு” என்று உட்கார வைப்பது. கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரே மாதிரியானவர்களா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம் ஒன்று. மலையகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்கு வந்த இளைஞன் வேறு. கொட்டாஞ்சேனையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள், மாளிகாவத்தையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்று இன்னும் போகும். கொம்பனித்தெருவில் ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாயரின் வழித்தோன்றல்களில் சிலர் வீட்டில் மலாய் பேசுவார்கள், வெளியே மூன்று மொழியும் பேசுவார்கள். ஆளுக்கொரு நாற்காலி போட முடியாதுதான். ஆனால் யாருடைய கதையைச் சொல்கிறோமோ அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும், அதுவும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு.

இதோடு சேர்ந்ததுதான் உடைக் காட்சி. பரதநாட்டியம் ஒன்று, கண்டிய நடனம் ஒன்று, தொப்பி போட்ட சிறுவன் ஒருவன், கடைசியில் எல்லாரும் கைகோத்து ஒரு பாட்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தோட்டம் என்று சொல்லும் நகரத்து நெருக்கமான ஒரே குடியிருப்பில், ஒரே தண்ணீர்க் குழாயடியில் இவர்கள் ஒன்றாக வாழும் வாழ்க்கை அதில் எங்கே வருகிறது?

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசையும் தஹம் பாசல் என்ற பௌத்த சமய வகுப்பும் அறநெறி வகுப்பும், ரமழானில் மாலை ஒத்திகை கூடாது, பௌர்ணமியில் வரும் போயா தினத்தில் சிலர் விகாரைக்குப் போவார்கள். பெண்கள் இரவு எந்த பஸ்ஸில் வீடு போவார்கள் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் ஒத்திகை நேரம் போட வேண்டும்.

கதை பதிவு செய்யும்போது நடக்கும் தவறு எல்லாவற்றையும் விடப் பாரதூரமானது. கொழும்பில் வயதானவர் ஒருவரிடம் “பழைய ஞாபகங்களைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம் வரலாம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துப் பக்கம் கேட்டால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் வரலாம். அபிவிருத்திக்காக வீட்டை இழந்து தொடர்மாடிக்குப் போன குடும்பங்களிடம் கேட்டால், இன்னும் முடியாத வழக்கும் கோபமும் வரலாம். பதிவு தொடங்குமுன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. அந்தப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அவர் மரியாதைக்காகப் போட்ட கையெழுத்தாக இருக்கும். வெட்டித் தொகுத்த பிறகு அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மகளையும் பக்கத்தில் இருத்தி, அந்த மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். “இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எடுத்துவிடுங்கோ, மகன்” என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். படத்தின் நல்ல இடமே அதுவாக இருந்தாலும் சரி.

கடைசியாக, சொத்து. நட்பாகத் தொடங்குவதால் யாரும் இதைப் பேசுவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பை உருவாக்கியவருக்கே பொதுவாக அதன் பொருளாதார உரிமை. சேர்ந்து உருவாக்கினால் எல்லாரும் கூட்டு உரிமையாளர்கள். ஆனால் காணொளி போன்ற கட்புல செவிப்புலப் படைப்பில், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் உரிமை தயாரிப்பாளருக்குப் போகும். அதாவது ஒன்றுமே எழுதாமல் படம் எடுத்தால், பாட்டெழுதிய பிள்ளைகளும் கதை சொன்னவர்களும் சேர்ந்து செய்த அந்தப் படத்தைத் தயாரித்த நிறுவனம் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம். எனவே வேலை தொடங்குமுன் இரண்டு பக்கத்தில், மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள்: யார் பெயர் எப்படி வரும், மொழிபெயர்த்தவர் பெயர் எங்கே வரும், வேறு விழாவுக்கு அனுப்புவதானால் யாரைக் கேட்க வேண்டும், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, வெட்டாத மூலப் பதிவுகள் எந்த ஹார்ட் டிஸ்க்கில், யார் கையில் இருக்கும், நிதி முடிந்த பிறகு அதன் ஒரு பிரதி அந்தத் தெருவில் யாரிடம் இருக்கும்.