ஜி6பிடி சோதனைக்கு வருமுன்

தண்டையார்பேட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். சிவப்பணுக்களில் உள்ள ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, அண்மையில் காமாலை வந்ததா, சிறுநீர் கறுத்துப் போனதா என்றுதான். இவை சிவப்பணுக்கள் உடைந்ததன் அடையாளமாக இருக்கலாம். ஆம் என்றால், அவசரமில்லாத பட்சத்தில் 3 மாதம் கழித்து வரச் சொல்வேன். குளுக்கோஸைக் கையாளும் இந்த நொதி இளம் சிவப்பணுக்களில் அதிகம். முதிர்ந்தவை உடைந்த கையோடு சோதித்தால் குறை தெரியாமல் போய்விடும்.

ரத்தத்தை, அது உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கவும். வினைபொருள் கலந்த துளியை வடிதாளில் உலர்த்தி, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் பாருங்கள். நன்றாக ஒளிர்ந்தால் நொதி இருக்கிறது. இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதன் ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்களுக்கு இந்தச் சோதனை போதாது. நொதியின் அளவைச் சொல்லும் அளவீட்டுச் சோதனை கேளுங்கள். நம் நாட்டில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா என்ற குறைபாட்டு வகைகளே பெரும்பாலும் காணப்படுகின்றன.

குறைபாடு உறுதியானால், சிவப்பணுக்களை உடைக்கக்கூடிய அந்துருண்டையைப் பீரோவிலிருந்து அகற்றுங்கள். அதே காரணத்தால், மலேரியாவுக்கு பிரைமாக்வின் மருந்து எழுதும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.