பூச்சிமருந்துக்கு முன் பிராசினோலைடு: வெள்ளரி நாற்றுக்கான செய்முறை

இளம் வெள்ளரி நாற்றில் சில பூச்சிமருந்துகள் பட்டால் ஒளிச்சேர்க்கை குறையும். செல்லைச் சேதப்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் பெருகும், இலை விளிம்பு கருகும். பிராசினோலைடு வகைத் தாவர வளர்ச்சி ஹார்மோனை முன்கூட்டியே தெளித்தால், நச்சைச் சிதைக்கும் நொதிகள், குறிப்பாக செல்லில் இயல்பாக இருக்கும் குளூட்டாதயோன் என்ற நச்சுநீக்கும் பொருளைப் பயன்படுத்துபவை, செடியில் கூடுகின்றன. சீனாவில் வெள்ளரியில் குளோர்பைரிபாஸை வைத்துச் செய்த ஆய்வில் இலையில் தங்கிய மருந்தும் குறைந்தது.

தேவைப்படும் அளவு மிகச் சிறியது, பலரும் தவறுவது இங்கேதான். ஆய்வுகளில் பயன்படும் 0.1 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்குச் சுமார் 0.05 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 0.04% ஹோமோபிராசினோலைடு (இதே வகை ஹார்மோன்) திரவத்தில் ஒரு மி.லி.க்கு 0.4 மி.கி. இருக்கிறது. ஆக 10 லிட்டர் தண்ணீருக்கு 1.25 மி.லி. போதும். மூடியால் அளக்காதீர்கள், ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து, முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். லேபிளில் உங்கள் பயிருக்கு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு உண்மை இலை (வித்திலைகளுக்குப் பின் வரும் இலை) விரிந்ததும், மாலையில், இலையின் இருபுறமும் நனையும்படி தெளிக்கவும். சொட்டி வழிய வேண்டாம். நாற்று வாடியிருந்தால் முதல் நாளே நீர் கட்டுங்கள். கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். பூச்சிமருந்து 24 மணி நேரம் கழித்து, பரிந்துரைத்த அளவில்.

இரண்டையும் ஒரே டேங்கில் கலப்பது வேலையை மிச்சப்படுத்தும், ஆனால் நொதிகள் உருவாக நேரம் கிடைக்காது. கருகியபின் தெளித்தாலும் கருகிய இலை பச்சையாகாது, அடுத்து வரும் இலைக்குத்தான் பலன். அளவு கூடினால் வேர் வளர்ச்சி தடைபடும். ஹார்மோன் கொடுத்தாயிற்று என்று மருந்தின் அளவை ஏற்றுவது மோசமான தவறு.

குழித்தட்டில் ஒரு வரிசைக்கு ஹார்மோன் இல்லாமல் மருந்து மட்டும், இன்னொரு வரிசைக்கு வெறும் தண்ணீர் என்று விட்டுவையுங்கள். ஐந்தாம் நாள் இலை விளிம்பையும் புது இலையின் அளவையும் ஒப்பிட்டால் உங்கள் நாற்றங்காலில் இது உதவுகிறதா என்பது தெரியும். அப்போதே இலையின் அடிப்புறத்தில் பூச்சியையும் தேடுங்கள்: செடி மருந்தை விரைவில் சிதைப்பதால், அசுவினியும் வெள்ளை ஈயும் வழக்கத்தைவிட முன்னதாகத் திரும்பக்கூடும்.