பெயரை எழுதியது யார்? பழைய ஆங்கில எம்.பி.க்களைத் தேடிப் படிக்கும் முறை

கல்லூரியில் இங்கிலாந்து வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், எத்தனை ஓட்டு வித்தியாசம்?" என்பதுதான். டியூடர், ஸ்டூவர்ட் அரச வம்சங்களின் காலத்து (சுமார் 16, 17ஆம் நூற்றாண்டு) எம்.பி. ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்வியை ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான இடங்களில் போட்டியே கிடையாது. இரண்டு இடம், நின்றவர்களும் இரண்டே பேர். அவர் பெயரை ஆவணத்தில் ஏற வைத்தது யார் என்பதைத்தான் தேட வேண்டும்.

அவர் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) உறுப்பினரா, நகரத்துக்கா என்று முதலில் பாருங்கள். கவுண்டி என்றால் எல்லா இடத்திலும் ஒரே விதி. 1429ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடத்துக்கு 40 ஷில்லிங் (2 பவுண்டு) வரும்படி தரும் சொந்த நிலம் இருப்பவருக்கு ஓட்டு. விலைவாசி ஏறியும் அந்தத் தொகை ஏறவில்லை. அதனால் காலப்போக்கில் சிறு நிலக்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நகரமோ ஊருக்கொரு வழக்கம். ஓரிடத்தில் நகர மன்றத்தார் மட்டும், இன்னோரிடத்தில் குறிப்பிட்ட சில மனைகளுக்குச் சொந்தக்காரர்கள், வேறோரிடத்தில் உள்ளூர் வரி கட்டும் வீட்டுக்காரர்கள். ஊரின் வழக்கம் தெரியாமல் ஆளின் கதையைத் தொடாதீர்கள்.

அப்புறம் காகிதத்தின் வழியே நடங்கள். அரசரின் ஆணைகளை எழுதி அனுப்பும் சான்சரி அலுவலகத்திலிருந்து, கவுண்டியில் அரசரின் அதிகாரியான ஷெரீஃபுக்கு ரிட், அதாவது தேர்தல் நடத்தச் சொல்லும் ஆணை, வரும். அவர் கவுண்டித் தேர்தலைத் தானே நடத்துவார், நகரங்களுக்கு உத்தரவு அனுப்புவார். முடிவைத் தோலில் எழுதி, முத்திரை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆவணம் யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 1572இல் எயில்ஸ்பரியிலிருந்து போனது டோரதி பாக்கிங்டன் சீமாட்டியின் பெயரில் இருக்கிறது. ஊரின் உரிமைக்காரி என்ற முறையில், இரண்டு உறுப்பினர்களைத் தானே தேர்ந்து நியமித்ததாக எழுதியிருக்கிறார். சபையில் உட்கார முடியாத ஒரு பெண் இருவரை அங்கே அனுப்பினார்! ஒவ்வொரு வருடமும் இதை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். வாசித்து முடித்ததும் அறை அமைதியாகிவிடும்.

ஆளை முன்னிறுத்திய பெரிய மனிதரின், அதாவது புரவலரின், பெயர் ஆவணத்தில் இல்லையென்றால் கடிதங்களைத் தேடுங்கள். 1584இல் அரசவையில் செல்வாக்குள்ள லெஸ்டர் பிரபு ஆண்டோவர் ஊராருக்கு எழுதினார்: பெயர் இடத்தை வெற்றாக விட்டு அனுப்புங்கள், நான் நிரப்பிக்கொள்கிறேன் என்று. ஊர்கள் இதற்கு ஏன் இசைந்தன? உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங் படி ஊர்தான் கொடுக்க வேண்டும். பிரபுவின் ஆள் அதைக் கேட்க மாட்டார். அரசவையில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் பிரபுவின் தயவும் கிடைக்கும். உறுப்பினர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று 1413ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பணம் புழங்கியதும் உண்டு. 1571இல் வெஸ்ட்பரி உறுப்பினர் தாமஸ் லாங், மேயருக்கும் இன்னொருவருக்கும் 4 பவுண்டு கொடுத்தது வெளியே வந்தது.

போட்டி நடந்திருந்தால் அதன் கட்டங்களைக் கவனியுங்கள். முதலில் ஆதரவாளர்கள் பெயரைக் கூவுவார்கள். சத்தத்தில் தெளிவு கிடைக்காவிட்டால் இரு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். அதுவும் போதாவிட்டால்தான் ஒவ்வொருவராக எண்ணுவார்கள். 1640இல் சஃபோக் கவுண்டிக்கு இப்ஸ்விச்சில் அப்படி எண்ணியபோது, நிலம் வைத்திருந்த சில பெண்களின் ஓட்டையும் எழுத்தர்கள் எழுதிக்கொண்டார்கள். ஷெரீஃப் சைமண்ட்ஸ் டியூஸ் அவற்றை ஏற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சட்டப்படி ஏற்க இடமிருக்கலாம் என்றும், ஆனால் பெண்களின் ஓட்டை வைத்து ஜெயிப்பது கௌரவக் குறைவு என்றும் அவர் சொன்ன காரணத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. தேடும்போது ஷெரீஃபின் பெயரையும் குறித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

தகராறு என்றால் வருடத்தைப் பாருங்கள். 1604இல் பக்கிங்ஹாம்ஷயரில் பிரான்சிஸ் குட்வின் தேர்வானதைச் சான்சரி தள்ளிவிட்டு, இரண்டாம் தேர்தலில் ஜான் ஃபோர்டெஸ்க்யூவை ஏற்றது. எம்.பி.க்கள் உட்காரும் காமன்ஸ் சபை எதிர்த்தது. அரசர் ஜேம்ஸ் தலையிட்டார். கடைசியில் இருவரையும் விட்டுவிட்டுப் புதுத் தேர்தல் வைத்தார்கள். அதன் பிறகு இந்த வழக்குகளைச் சபையே விசாரித்தது. எனவே 1604க்குப் பிந்தைய தகராறுகளுக்குச் சபையின் அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்பேட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் லண்டன் போக வேண்டியதில்லை. 'ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்' இணையதளத்தில் தொகுதி வாரியாகவும் ஆள் வாரியாகவும் கட்டுரைகள் இலவசமாக இருக்கின்றன. தொகுதிக் கட்டுரையை முதலில் படியுங்கள், ஆளை அப்புறம்.