கார் போர்ச் சுவரில் ராக் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கோலாலம்பூர் தாமான்களில் டிரில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வீட்டைத் துப்புரவு செய்ததில் ஸ்டோர் ரூம் சாமான்கள் எல்லாம் கார் போர்ச்சுக்கு வந்திருக்கும். அவற்றை வைக்க ராக் வேண்டும். மட்டம் பார்க்காமல் மாட்டுவது, கண்ணாடி போடாமல் துளைப்பது போன்றவற்றை யாரும் ஒரே தடவையில் கற்றுக்கொள்வார்கள். இங்கே எழுதுவது மாட்டிய அன்று தெரியாத தவறுகளைப் பற்றி. அவை தெரியவரும்போது பலகை காரின் பானெட் மேல் கிடக்கும்.

பூச்சை நம்புவது

நம் வரிசை வீடுகளில் பல சுவர்கள் அரைக்கல் சுவர்கள்தான். நடுவில் சுமார் 100 மி.மீ. செங்கல், இரண்டு பக்கமும் 15 முதல் 25 மி.மீ. வரை சிமெண்டுப் பூச்சு. பெயிண்ட் அடித்த பிறகு எல்லாம் ஒரே சுவராகத் தெரிகிறது. ஆனால் சுமையைத் தாங்கக்கூடியது உள்ளே இருக்கும் கல் மட்டுமே.

ராக்கோடு வரும் சிறு பையைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் 6 மி.மீ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்), 30 மி.மீ. நீளம். அதைச் சுவரின் முகத்தோடு சமமாக அடித்தால், 20 மி.மீ. பூச்சில் போக, கல்லுக்குள் இருப்பது வெறும் 10 மி.மீ. ஸ்க்ரூவை முறுக்கும்போது நன்றாக இறுகும். பூச்சும் பிளக்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வரும் இறுக்கம் அது. இந்த இறுக்கத்தை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சாமான் ஏறி, ஈரமும் அதிர்வும் சேரும்போது பிளக்கைச் சுற்றியுள்ள பூச்சு மெல்ல மணலாக உதிரும். பலகையைத் தாங்கும் பிராக்கெட்டுக்குக் கீழே சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் அன்றைக்கே சாமான்களை இறக்கிவிடுங்கள். அடுத்தது, பூச்சு ஒரு கிண்ணம் அளவு பிளக்கோடு சேர்ந்து பெயர்ந்து வருவதுதான்.

எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போட்டால் பயம் வரும். 30 செ.மீ. அகலப் பலகை, ஒரு பிராக்கெட்டுக்கு 30 கிலோ, அதாவது மூன்று 10 கிலோ அரிசி மூட்டை என்று வைத்துக்கொள்வோம். மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்தால், மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 22 கிலோ. அதே சுமையைப் பலகையின் முன் விளிம்பில் வைத்தால் 45 கிலோ. பிராக்கெட் குட்டையாக, இடைவெளி 10 செ.மீ. மட்டும் இருந்தால் 90 கிலோ. அதனால் உயரமான பிராக்கெட்டாக வாங்குங்கள். கனமான சாமான்களைச் சுவரை ஒட்டி வையுங்கள்.

சரியான அளவு இது. ஹார்ட்வேர் கடையில் 8 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளமுள்ள நைலான் பிளக் என்று கேளுங்கள். பூச்சு 20 மி.மீ. என்றால் துளையின் ஆழம் பூச்சுக்கு 20, பிளக்குக்கு 40, தூளுக்கு 10, மொத்தம் 70 மி.மீ. டிரில் பிட்டில் 70 மி.மீ. தள்ளி டேப் சுற்றி, அந்த இடத்தில் நிறுத்துங்கள். அரைக்கல் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக் கூடமாக இருக்கலாம். தூளை ஊதி வெளியேற்றுங்கள். பிளக்கில் ஸ்க்ரூவை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, ஸ்க்ரூவின் தலையைத் தட்டிப் பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டும் வரை உள்ளே செலுத்துங்கள். பிறகு அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, பிராக்கெட்டை வைத்து, 5 மி.மீ. தடிப்பும் 70 மி.மீ. நீளமும் உள்ள ஸ்க்ரூவால் முறுக்குங்கள்.

பூச்சின் தடிப்பை எப்படி அறிவது? முதல் துளையை மெதுவாகப் போட்டு, வெளிவரும் தூளைப் பாருங்கள். சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு வந்ததும் களிமண் செங்கல் தொடங்கிவிட்டது. சிமெண்டுக் கல்லாக இருந்தால் நிறம் மாறாது. பிட் முன்னேறும் வேகமும் சத்தமும்தான் மாறும்.

இத்தனைக்கும் பிறகு எரிச்சல் தருவது, தளர்ந்த துளைக்குச் செய்யும் வைத்தியம். தீக்குச்சி, பல்குத்தி, கொஞ்சம் சிமெண்டுக் குழம்பு, அதே ஸ்க்ரூ. இது ஆபத்தை மறைக்கும், தீர்க்காது. பிராக்கெட்டை நகர்த்திப் புதிய துளை போடுங்கள். நகர்த்த முடியாது என்றால் அதே துளையை 10 மி.மீ. ஆக்கி, 50 மி.மீ. நீளப் பிளக்கைப் பூச்சுக்கு அப்பால் இறக்குங்கள். ஆழமும் ஸ்க்ரூவின் நீளமும் 10 மி.மீ. கூடும், ஸ்க்ரூவின் தடிப்பு பிளக் பாக்கெட்டில் போட்டிருக்கும்.

கலவைக் கோட்டில் துளைப்பது

பிட் திடீரென்று வெண்ணெயில் இறங்குவதுபோல் போனால் நீங்கள் இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் கலவையில் இருக்கிறீர்கள். அங்கே பிளக் சரியாகப் பிடிக்காது. 4 செ.மீ. மேலேயோ கீழேயோ நகர்ந்தால் கல்லின் நடுப்பகுதி கிடைக்கும்.

எக்ஸ்பான்ஷன் போல்ட்

முறுக்கும்போது துளைக்குள் விரிந்து இறுகும் இந்த இரும்பு போல்ட் கான்கிரீட்டுக்கு. செங்கல் பிளந்துவிடும்.

எப்போதும் ஹேமரில் வைப்பது

கல் கெட்டியாக இருந்தால் டிரில்லின் ஹேமர், அதாவது இடித்துக்கொண்டே துளைக்கும் முறை, வேண்டும். துளையுள்ள கல்லிலும் பழைய மென்கல்லிலும் ஹேமரை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டும் துளையுங்கள். இல்லாவிட்டால் 8 மி.மீ. துளை 10 ஆகி, பிளக் சும்மா சுற்றும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இது இன்னும் முக்கியம். அங்கே கல்லும் மென்மை, பூச்சும் சுண்ணாம்பு. அத்தகைய சுவரில் ராக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவதே மேல். சேதமான இடத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் கெடுக்கும்.

வயர்

சுவிட்ச், பிளக் பாயிண்ட், ஆட்டோகேட் பெட்டி ஆகியவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளைக்காதீர்கள். சுவருக்குள் வயர் ஓடும் இடங்கள் அவை.

கடற்காற்றை மறப்பது

பினாங்கில் கடலை ஒட்டிய வீடுகளில் மஞ்சள் பூச்சுள்ள சாதாரண ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடிக்கும். துரு முதலில் தலையின் அடியிலும் சுவர்ப் பூச்சுக்குள்ளும் அரிப்பதால் வெளியே அதிகம் தெரியாது. 316 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். சில ரிங்கிட்தான் கூடும். சாரல் அடிக்கும் போர்ச்சில் துகள் பலகையும் வேண்டாம். நனைந்தால் உப்பிவிடும், மறுபடி பழைய நிலைக்கு வராது. 18 மி.மீ. பிளைவுட் போட்டு, வெட்டிய விளிம்புகளுக்கும் பெயிண்ட் அடியுங்கள்.

நிற்கும் அலமாரியைக் கட்டாமல் விடுவது

போர்ச் தரை மழைத் தண்ணீர் ஓட கேட் பக்கமாகவோ வடிகால் பக்கமாகவோ சரிந்திருக்கும். அதன்மேல் உயரமான அலமாரியை அப்படியே நிறுத்தினால், சரிவு போகும் பக்கம் சாய்ந்தே நிற்கும். கதவைத் திறந்ததும் கனம் இன்னும் முன்னே வரும். முதலில் தாழ்ந்திருக்கும் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டுகள் கொடுத்து மட்டமாக்குங்கள். மரத்துண்டு கொடுத்தால் கரையான் ஏற வழி செய்ததாகும். அதன் பிறகு அலமாரியின் மேல் பகுதியில், இரண்டு ஓரத்திலும், இரும்பு எல் கோணம் வைத்து, மேலே சொன்ன அதே 8 மி.மீ. பிளக்கில் முறுக்குங்கள். கோணத்தின் மறுபக்கத்தை அலமாரியின் மெல்லிய பின்தகட்டில் மாட்டாமல், பக்கப் பலகையிலோ மேல் பலகையிலோ மாட்டுங்கள்.