கோல்ட், ஃபில்லி, மேர்: குழப்பமில்லாமல் பிரிக்க

குதிரைப் பந்தயப் பட்டியலைப் படிக்க 4 வயது என்ற ஒரு கோடு போதும். பிரிட்டிஷ் பந்தய வழக்கில் அதுவரை ஆண் ‘கோல்ட்’, பெண் ‘ஃபில்லி’. 5 ஆனதும் பெண் ‘மேர்’ ஆகிவிடும்; ஆண் வெறும் ‘ஹார்ஸ்’தான், பொலிக்கு விட்டால் ‘ஸ்டாலியன்’. காயடித்த ஆண் எந்த வயதிலும் ‘ஜெல்டிங்’. இங்கிலாந்தின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பியில் பாவம், அதற்கு இடமே கிடையாது.

வயதுக் கணக்கில்தான் வேடிக்கை. வட அரைக்கோளத்தில் ‘தரோபிரெட்’ என்ற பந்தய இனக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரியிலேயே ஒரு வயது. ஆணோ பெண்ணோ, அப்போது அது ‘இயர்லிங்’.

அப்புறம், ‘போனி’ என்றால் குட்டி இல்லை. உயரம் குறைந்த வகை. எத்தனை வயதானாலும் போனிதான்.